குங்கிலியத்துள் ஒரு வண்டு

குங்கிலியம் என்பது மரம் தன் புண்ணுக்குத் தானே இட்டுக்கொள்ளும் மருந்தாகும். பட்டை கிழிந்த இடத்தும், துளைக்கும் பூச்சி வாய்வைத்த இடத்தும், கிளை முறிந்த இடத்தும் மரத்தின் உள்ளிருந்து ஒருவகை நெய்மம் கசிந்து, புண்வாயை மூடிக் காற்றுப்பட்டு இறுகும். காளானும் புழுவும் மேலும் உட்புகாதவாறு அது காக்கும். அம்மருந்தையே நாம் எடுத்துத் தணலில் இட்டு, அதன் நறும்புகையை இறைவன் திருமுன்னர்க் காட்டுகின்றோம். மனைவியார் நெல் வாங்குதற்கென அளித்த தாலியைக் குங்கிலியத்துக்கு மாற்றித் திருக்கடவூரில் தம் தொண்டினை நிறைவேற்றிய குங்கிலியக்கலய நாயனார் வரலாற்றை அறியாத சைவர் இரார். அத்தொண்டின் பெருமையைப் பேசுவோர் பலர். குங்கிலியம் யாது, எம்மரத்தினின்று வருவது, அதன் வரலாறு எத்துணைப் பழைமையுடையது என்று வினவுவோர் சிலரே. யான் நாடோறும் மாலையில் வீட்டு வழிபாட்டின்கண் குங்கிலியப் புகை இடும் வழக்கமுடையேன். கையாற் பொடித்து இடும் பொருளை அறிவாலும் அறிந்து இடுதல் வேண்டும் என்னும் விருப்பம் எழுந்தமையால், சில ஆண்டுகளாக அதுபற்றிக் கிடைத்தவற்றைப் படித்து வருகின்றேன். அவ்வாறு படித்தவற்றுள் என் உள்ளத்தைவிட்டு நீங்காத ஒன்றனை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அது பழம்பயினுள் அகப்பட்ட ஒரு சிறு வண்டின் செய்தி.

முதற்கண் பிசின் வேறு, பயின் வேறு என்பதை அறிதல் வேண்டும். வேலம்பிசின் நீரிற் கரையும், தீயிலிட்டாற் கருகும். பயின் நீரிற் கரையாது; தீயில் உருகி எரிந்து மணம் தரும். குங்கிலியம் பயினின் வகையது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் காடு காடாக நிற்கும் சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளைக் குங்கிலிய மரமும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. தாவர நூலார் அக்குடும்பத்தை டிப்டெரோகார்ப்பு என்பர். இரண்டு சிறகுடைய கனி என்பது அப்பெயரின் பொருள். போர்னியோ, சுமத்திரா, மலேயா ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் வானளாவி நிற்கும் மரங்களுட் பெரும்பாலன இக்குடும்பத்தனவே. கருங்குங்கிலியம் தரும் மரமோ வேறொரு குடும்பத்தது. பெயர் ஒன்றாயினும் குலம் வேறு.

மரத்தினின்று வழிந்த பயின் மண்ணுட் புதைந்து நெடுங்காலம் கிடப்பின், அதன்கண் உள்ள ஆவியாகும் நெய் சிறிது சிறிதாக நீங்கிவிட, எஞ்சிய அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து மணிபோல் இறுகும். அதனை அம்பர் என்பர். திமிங்கிலத்தின் குடலில் தோன்றிக் கடலில் மிதந்துவரும் மணப்பொருளுக்கும் நம் நாட்டு வழக்கில் அம்பர் என்றே பெயர் உண்டு. அது விலங்கினின்று வருவது; இது மரத்தினின்று வருவது. யான் ஈண்டுக் கூறுவது மரத்தின் அம்பரையே.

வழிந்துகொண்டிருக்கும் பயின்மேற் கால் வைத்த எறும்பு மீளாது. மீள முயலுந்தோறும் மேலும் அழுந்தும். அடுத்த கசிவு வந்து அதனை முழுதும் மூடிவிடும். காற்றுப் புகாமையானும், உடலின் நீரைப் பயின் ஈர்த்துக்கொள்ளுதலானும், அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை அப்பயினின் சத்துத் தடுத்தலானும் அவ்வுடல் அழியாது நிற்கும். சிறகின் நரம்பும், காலின் மயிரும், கண்ணின் சிறு சிறு பகுப்பும் அவ்வாறே தோன்றும். மண்ணிற் புதைந்த எலும்பு நசுங்கும். பாறைமேற் பதிந்த இலை தட்டையாகும். அம்பருட் கிடக்கும் பூச்சியோ தான் நின்ற நிலையிலேயே, முப்புறப் பருமையோடு காணப்படும். இதனாலேயே பழைய உயிர்களை ஆராய்வோர்க்கு அம்பர் கிடைத்தற்கரிய பெருநிதி ஆயிற்று.

பால்டிக் கடற்கரையின் அம்பர் ஐரோப்பாவில் மிகப் பழைய நாள் தொட்டு அறியப்பட்டது. நம் நாட்டிலும் அத்தகைய நிதி உண்டென்பது 2010-ஆம் ஆண்டில் உலகறிய வெளியாயிற்று. கூர்ச்சரத்திற் சூரத்துக்கு அணித்தான வஸ்தான் முதலிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கரியோடும் களிமண்ணோடும் கலந்து அம்பர்க் கட்டிகள் கிடைத்தன. செருமனியின் பான் பல்கலைக்கழகத்து யெஸ் ருஸ்ட், இலக்குமணபுரியில் உள்ள பீர்பல் சாகினி ஆராய்ச்சி நிலையத்து உக்கம் சிங், நியூயார்க்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து டேவிட் கிரிமால்டி முதலியோர் கூடி அவற்றை ஆராய்ந்தனர். அவ்வம்பரின் அகவை 5 கோடி முதல் 5 கோடியே 20 இலட்சம் ஆண்டு என்று அவர்கள் வரையறுத்தனர். அதன் இரசாயனக் கூறுகளையும், உடன் கிடைத்த மரத்துண்டுகளின் உள்ளமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது டிப்டெரோகார்ப்பு மரங்களின் பயினே என்றும் தெளிந்தனர். இதனைப் படித்தபோது என் கையிலிருந்த குங்கிலியக் கட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். கூர்ச்சரத்துப் பயினும் இதுவும் ஒரு குலத்து மரங்களின் பயன் அன்றோ!

அவ்வம்பருக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. பால்டிக் அம்பர் எளிதிற் கரையாது. கூர்ச்சரத்து அம்பரோ அதன் அணுக்கூட்டங்கள் முற்றப் பிணையாமையாற் சில கரைப்பான்களிற் கரைந்துவிடும். ஆதலால், உள்ளே கிடக்கும் பூச்சியை முழுதாக வெளியே எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைக்கலாம். 5 கோடி ஆண்டு சிறையிருந்த உடல், சிறை கரைந்து, இன்றைய காற்றிற்கு வருகின்றது. அவ்வாறும் அம்பருள் வைத்தும் ஆராய்ந்தவற்றுள் 14 வரிசைகளையும் 55-க்கு மேற்பட்ட குடும்பங்களையும் சார்ந்த 100-க்கு மேற்பட்ட இனங்களை அப்போதே கண்டனர். எறும்பும், கறையானும், தேனீயின் உறவினங்களும் அவற்றுள் இருந்தன.

இவற்றால் விளங்கிய முதற்செய்தி நிலத்தைப் பற்றியது. இந்திய நிலப்பகுதி தென்பெருங்கண்டத்தினின்று பிரிந்து கடலில் நெடுங்காலம் வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்குமுன் ஆசியாவோடு முட்டியது என்பர் நிலநூலார். அங்ஙனமாயின், அத்தனிமையில் இங்கு வாழ்ந்த உயிர்கள் பிற நாட்டு உயிர்களோடு உறவற்றுத் தனிவகையாய் வளர்ந்திருத்தல் வேண்டும் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அம்பர் அவ்வாறு சொல்லவில்லை. அதனுட் கிடந்த பூச்சிகளின் உறவினங்கள் பழைய வட ஐரோப்பாவிலும், ஆஸ்திரேலியப் பக்கத்திலும், வெப்ப அமெரிக்காவிலும் காணப்பட்டன. கடல் சூழக் கிடந்த நிலமும் முற்றத் தனித்துக் கிடக்கவில்லை என்பது பெறப்பட்டது. குங்கிலிய மரக் குடும்பமும் அவ்வாறே இடம்பெயர்ந்து வந்ததாம். அக்குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியாவை அடைந்தது என்பதற்குப் பழைய மகரந்தத் தூள்களைச் சான்று காட்டி 2022-இல் ஆராய்ச்சியாளர் எழுதினர். மலேயக் காட்டின் பெருமரங்கட்கு இந்நாடு ஒருகாலத்து வழிநடையாய் இருந்தது.

இனி, வண்டின் செய்திக்கு வருவேன். 2014-ஆம் ஆண்டில் யோசப் பார்க்கர் என்பாரும் முற்கூறிய கிரிமால்டியும் கூர்ச்சரத்து அம்பருள் ஒரு வண்டினைக் கண்டு, அதற்குப் புரோட்டோகிளாவிகர் என்று பெயரிட்டனர். முந்திய தண்டேந்தி என்று அதனைத் தமிழிற் கூறலாம். இன்றுள்ள கிளாவிகர்க் குலத்து வண்டுகளின் உணர்கொம்பு தண்டுபோல் தடித்திருத்தலின் அப்பெயர் வந்தது. அக்குல வண்டுகள் மிகச் சிறியவை. அவை வாழும் இடம் எறும்பின் புற்று. எறும்பு தன் கூட்டத்தின் மணமில்லாத எவ்வுயிரையும் வாயிலிலேயே கொன்று தள்ளும் இயல்புடையது. அக்கோட்டைக்குள் இவ்வண்டு அஞ்சாது உலவும். அதன் முதுகடியில் மயிர்க்கற்றைகள் உள்ளன. அவற்றின் இடையே ஊறும் நீர்மத்தை எறும்புகள் விரும்பி நக்கும். நக்கிய எறும்பு தன் உடன்பிறப்புக்கு ஊட்டுவதுபோல அவ்வண்டிற்கும் வாயோடு வாய் வைத்து உணவூட்டும். அவ்வண்டோ எறும்பின் முட்டையையும் தின்னும். ஊட்டும் வீட்டிலேயே களவாடும் விருந்தினன் அது.

பிறர் ஊட்ட உண்டு பல தலைமுறை வாழ்ந்தமையால் அக்குலத்தின் உடலமைப்பே மாறிற்று. வாயுறுப்புக்கள் சிறுத்தன. உணர்கொம்பின் கணுக்கள் குறைந்தன. வயிற்றின் மேல் தனித்தனியே இருக்கவேண்டிய வளையத் தகடுகள் ஒன்றாய்ப் பொருந்தி ஒரு பெருந்தகடு ஆயின. இன்று உயிரோடுள்ள அக்குல வண்டுகளில் இம்மாற்றங்கள் யாவும் முற்றியிருத்தலைக் காண்கின்றோம். அம்பருட் கிடந்த முந்திய தண்டேந்தியிடம் மயிர்க்கற்றை உண்டு. வயிற்றுத் தகடுகளோ இன்னும் ஒன்றாகவில்லை. பாதி வழியில் நிற்கும் வழிப்போக்கனைப் போல அது நிற்கின்றது. எறும்புகள் உலகிற் பல்கிப் பெருகத் தொடங்கிய காலத்திலேயே அவற்றின் வீட்டிற் குடிபுக இவ்வண்டின் முன்னோர் தொடங்கிவிட்டனர் என்று அறிஞர் கருதுகின்றனர்.

என் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது இவ்விடமே. அவ்வண்டின் பக்கத்தே எறும்பு இருந்து அதனை நக்கும் காட்சி அம்பருட் கிடைத்ததன்று. வண்டின் உடல் ஒன்றே சான்று. ஆயினும் அம்மயிர்க்கற்றையைக் கண்டவர் எறும்பையும் உடன் கண்டனர். ஓருயிர் எதனைச் சார்ந்து வாழ்ந்ததோ அதன் சுவடு அவ்வுயிரின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. உயிர் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. அத்துணிபிற்கு இவ்வண்டு ஓர் அளவை என்று யான் கூறேன். வண்டின் மாற்றம் உடலின் மாற்றம். எண்ணிறந்த தலைமுறைகளில் நிகழ்ந்தது. நூல் கூறுவதோ உயிரின் இயல்பு. ஒன்றனை ஒன்றற்குச் சான்றாக்கின் இரண்டும் கெடும். எனினும், பலகாலும் ஓதிய ஒரு சொற்றொடர், ஒரு வண்டின் முதுகடியைப் பற்றிப் படிக்கும்போது திடீரென்று என்முன் வந்து நின்றது. உவமையாக நின்றது, அவ்வளவே எனக்குப் போதியதாயிற்று.

இவ்வண்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் எறும்பைச் சார்ந்து வாழ்ந்தவற்றுள் அறியப்பட்ட மிகப் பழையது இதுவே. பின்னர் 2019-இல் பர்மாவின் அம்பரினின்று 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழைமையுடைய வேறொரு வண்டினை அத்தகையதென்று கூறினர். பர்மாவின் வடபால், கச்சின் நாட்டு உக்கோங்குப் பள்ளத்தாக்கில் அகழப்படும் அவ்வம்பர் மிகப் புகழ் பெற்றது. சைக்கசு மரத்தின் மகரந்தத்தோடு அகப்பட்ட வண்டும், பூவின் மகரந்தத்தைக் காலிற் சுமந்த வண்டும் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் அதனின்று வெளிப்பட்டன. மலரையும் வண்டையும் இணைத்துப் பாடும் மரபுடைய நமக்கு அவ்வுறவு அத்துணைப் பழைமையது என்று அறிவது பேருவகை தருவதே.

ஆயினும் அவ்வுவகையோடு ஒரு நெருடலும் உண்டு. அப்பள்ளத்தாக்கு பர்மாவின் படைக்கும் கச்சின் விடுதலைப் படைக்கும் இடையே போர் நிகழும் இடம். சுரங்கங்களின் ஆட்சிக்காகவும் அங்கே குருதி சிந்தப்பட்டது. மக்கள் ஊர் பெயர்ந்தனர். இக்காரணம் பற்றி முதுகெலும்புடைய தொல்லுயிர்களை ஆராயும் அமெரிக்கச் சங்கம், 2017-ஆம் ஆண்டின் இடைப்பகுதிக்குப் பின்னர்ப் பெறப்பட்ட பர்மிய அம்பரைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடாது நிறுத்திவைக்குமாறு 2020-இல் அறிவியல் இதழ்களை வேண்டிக்கொண்டது. அறிவைப் பெருக்கும் வழி இது. இதனைத் தடுத்தல் தகாது என்பாரும் உளர். வாங்குவார் இல்லையேல் அகழ்ந்து பிழைப்பார்க்கு வயிற்றுக்கு யாது வழி என்று கேட்பாரும் உளர். இருபாலும் பொருள் உண்டு. என் மருகர் ஒருவர், என் ஆர்வத்தை அறிந்தவர், கீழ்நாட்டுப் பயணம் புறப்படுமுன் பூச்சியுள்ள பர்மிய அம்பர் ஒன்று வாங்கி வரட்டுமா என்று அன்போடு கேட்டார். காண ஆசை மிக உடையேனாயினும் வேண்டா என்றேன். அது எவர் கையால் எடுக்கப்பட்டது, அக்கைக்கு என்ன நேர்ந்தது என்று அறிய வழியில்லாத ஒரு பொருளைப் பூசை அறையின் பக்கத்தே வைத்துக்கொள்ள என் மனம் இசையவில்லை. வண்டு எறும்பைச் சார்ந்தது போல, அம்மணியும் தன்னை அகழ்ந்தவரைச் சார்ந்தது. அவரை விலக்கி அம்மணியை மட்டும் பார்த்தல் எங்ஙனம் கூடும்?

அம்பர் எல்லாவற்றையும் காத்துவைப்பதன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். அம்பருட் பட்ட கொசுவின் வயிற்றினின்று பழைய உயிரின் மரபணுவை எடுத்து அவ்வுயிரை மீட்டும் படைப்பதாக ஒரு கதை எழுதப்பெற்று, அது 1993-இல் திரைப்படமாகியும் உலகைக் கவர்ந்தது. 2013-இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார், அம்பராய் முதிராத பயினுள் இருந்த தேனீக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 10,600 ஆண்டுப் பழைமையது. மற்றொன்று ஒரு நூற்றாண்டும் ஆகாதது. இரண்டிலும் நம்பத்தக்க பழைய மரபணு கிடைக்கவில்லை. உருவம் கோடி ஆண்டு நிற்கும். உயிரை மீட்டற்குரிய வித்து நூறாண்டும் நில்லாது போலும்! நம் விழுப்புர மாவட்டத்துத் திருவக்கரை, ஞானசம்பந்தப் பெருமான் திருவாய்மலர்ந்தருளிய பதி. அதன் அயலே ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையுடைய கல்மரங்கள் கிடத்தலை வழிபடச் சென்ற அன்பர் பலர் கண்டிருப்பர். அவை கிடைக்கும் கடலூர் மணற்பாறைத் தொகுதியில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் உண்டென்று அறிஞர் கண்டுள்ளனர். அங்கே மரத்தின் உடல் நீங்க, அதன் இடத்திற் கல் புகுந்து மரத்தின் வடிவை ஏற்றது. அம்பரிலோ பூச்சியின் சொந்தத் தோலே எஞ்சுகின்றது. இரண்டிலும் வாழ்ந்த உயிர் இல்லை. போனதைக் காத்துவிட்டோம் என்று மகிழ்வதற்கு ஈண்டு இடமில்லை. போனது எவ்வாறு வாழ்ந்தது என்று அறிவதற்கே இடமுண்டு.

இவற்றைப் படிக்கத் தொடங்கியபின், குங்கிலியத்தைப் பொடிப்பதற்குமுன் ஒவ்வொரு கட்டியையும் விளக்கொளியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. பெரும்பாலும் பட்டைத் துகளும் மண்ணுமே தென்படும். சென்ற கார்த்திகையில் ஒரு கட்டியுள் ஓர் எறும்பு கிடந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, ஒரு கால் மட்டும் மடங்காது நீண்டு, மேற்பரப்பை எட்டுவதுபோல் நின்றது. அது பழைய அம்பர் அன்று. சில ஆண்டுக்குமுன் எக்காட்டிலோ அகப்பட்டதாகலாம். அக்கட்டியை மட்டும் தணலில் இடாது ஒரு சம்புடத்தில் எடுத்துவைத்தேன். என் மனைவியார் அதனைக் கண்டு, பூசைக்கென்று வாங்கியதை இடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தக்க கேள்வியே. இறைவனுக்கென்று கொண்டதில் ஒரு துணுக்கையேனும் என் ஆசைக்காக ஒதுக்குகின்றேனோ என்று யானும் சில நாள் எண்ணினேன். ஆசையால் ஒதுக்கவில்லை, அவ்வெறும்பைத் தீயில் இடக் கை எழவில்லை என்பதே உண்மை என்று அவரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் அச்சம்புடத்தைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் விளக்கை எனக்குத் தாமே தூக்கிப் பிடிக்கலானார்.

கூர்ச்சரத்து அம்பர், அம்பருக்காக அகழப்பட்டதன்று. மின்னாக்கத்திற்கு எரிக்கப்படும் கரிக்காக மண் தோண்டப்பட்டது. இடையே கண்ணுக்குப் பட்டவற்றை அறிஞர் பொறுக்கினர். எவர் கண்ணிலும் படாதவை கரியோடு கரியாய் உலையிற் புகுந்திருத்தல் கூடும். அவற்றுள் எத்தனை வண்டு, எத்தனை உறவு எரிந்தனவோ! இன்று உயிரோடு நிற்கும் குங்கிலியக் குடும்பத்துக் காடுகளும் போர்னியோவிலும் சுமத்திராவிலும் மரவாணிகத்திற்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திற்கும் ஆகப் பெரும்பரப்பில் வெட்டப்பட்டன. 5 கோடி ஆண்டுக்குமுன் நம் நிலத்திற் செழித்த காட்டின் நேர்வழித் தோன்றல்கள் அவை. மரம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளச் சுரந்ததை நாம் வழிபாட்டிற்குக் கொள்கின்றோம். கொள்வார்க்குக் கடமையும் உண்டன்றோ? மரத்தைக் கொல்லாது பயின் எடுப்பாரிடம் வாங்குதலும், மலைக்காட்டைக் காக்க முயல்வார்க்குத் துணையாதலும், கட்டியைப் பொடிக்குமுன் ஒருகணம் அதனை ஒளியில் வைத்து நோக்குதலும் எவர்க்கும் இயல்வனவே. தூபம் இடும் அன்பர்கள் இவற்றையும் அத்தொண்டின் ஒரு பகுதியாகக் கொள்ளல் வேண்டும் என்பதே யான் பணிந்து விண்ணப்பிப்பது.